சித்தப்பாவும் ஒரு வேஷக்காரக் கட்டியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. காரணம் சித்தப்பா. இங்கே ராத்திரி ரெண்டு மணி, ஊர்லேர்ந்து போன். "ஒண்ணுக்குல ரத்தம் வந்துச்சுடா. ஸ்கோப் விட்டுப் பாத்தாங்க, மூத்திரப் பையில கட்டியாம். கேன்சரா இருந்தா பையையே எடுக்க வேண்டி வருமாம்."

அப்புறம் எங்கே தூங்குறது? பத்து நாள் கழிச்சு பயாப்ஸி ரிப்போர்ட் வந்துச்சு: நெஃப்ரோஜெனிக் அடினோமா. அபூர்வமான, ஆனா சாதுவான கட்டி. பேத்தாலஜி படிக்கிற நானே பாடப்புத்தகத்துல ஒரு பத்தியா மட்டும்தான் பார்த்திருந்தேன்!

1950ல ஃப்ரீட்மேன், குலன்பெக் ரெண்டு பேரும் வெச்ச பேரு இது. கட்டிக்குள்ளே சிறுநீரகத்துல இருக்குற மாதிரியே குட்டிக்குட்டிக் குழல்கள். கல், கிருமித்தொற்று, ஆபரேஷன், ரொம்பநாள் போட்டிருந்த டியூப்னு பை புண்பட்ட இடத்துலதான் பெரும்பாலும் முளைக்கும். (சித்தப்பாவுக்கு மூணு தடவை கல் எடுத்திருக்காங்க.) பையோட உள்தோலே இப்படி உருமாறிடுதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க.

2002ல வியன்னா ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை பண்ணினாங்க பாருங்க. ஆணோட சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்திக்கிட்ட பெண்களுக்கு இந்தக் கட்டி வந்தப்போ, அந்தச் செல்லுல ஒய் குரோமோசோம் இருக்கான்னு தேடினாங்க. இருந்துச்சு! அதாவது தானமா வந்த கிட்னியோட செல்லுங்க உதிர்ந்து, சிறுநீரோட இறங்கி, புண்ணான இடத்துல வேர் பிடிச்சிருக்கு.

சிக்கல் என்னன்னா, ஸ்கோப்ல பார்த்தா இது அப்படியே கேன்சர் மாதிரியே இருக்கும். மைக்ரோஸ்கோப்லயும் ஏமாத்தும். புரோஸ்டேட் பக்கத்துல வந்தா இன்னும் மோசம். புரோஸ்டேட் கேன்சருக்குப் போடுற ஏ.எம்.ஏ.சி.ஆர். சாயம் இதுலயும் பிடிக்கும். அப்போ பேக்ஸ்-8 சாயம் கைகொடுக்கும். இதுல பிடிக்கும், புரோஸ்டேட் கேன்சர்ல பிடிக்காது. ஆனா கிளியர் செல் கேன்சர்லயும் பேக்ஸ்-8 பிடிக்குமே! அங்கே செல்லோட உட்கருவைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அவசரப்பட்டா ஒருத்தரோட பையே போயிடும்.

வைத்தியம் சின்னதுதான். சிறுநீர் வழியாவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கிறது. திரும்ப வர்றது சகஜம், அதனால அப்பப்போ ஸ்கோப் போட்டுப் பார்க்கணும்.

இதையெல்லாம் போன்ல விளக்கினேன். சித்தப்பா பொறுமையா கேட்டுட்டு, "அப்ப என் கிட்னியே கீழே இறங்கி வந்து தனிக்குடித்தனம் வெச்சிருக்குங்கிற" ன்னாரு.

அடுத்த ஸ்கோப் தை மாசம்.