மின்கருவி அமைக்க ஏற்ற பலகை எது?

நீர்த்தொட்டி நிரம்பி வழிவதும், மோட்டாரை நிறுத்த ஆள் ஓடுவதும் நம் ஊராட்சிகளில் அன்றாடக் காட்சிகளாகும். தொட்டி நிரம்பியதும் மணியொலிக்கும் சிறு கருவியை நம் இளைஞர்களே செய்துவிடலாம். 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரிலும், அண்டையிலுள்ள ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலும் இத்தகைய கைத்திறன் படைத்தோர் பலர் உளர். உறுப்புக்கள் யாவும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தும் பலகையைத் தேர்வதிலேதான் கவனம் வேண்டும்.

முதலாவது, பிரெட்போர்டு. முற்காலத்தில் வானொலி அமைத்தோர் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் உறுப்புக்களைப் பொருத்தியமையால் இப்பெயர் வந்தது. இதில் பற்றவைப்புத் தேவையில்லை. கம்பியைத் துளையில் செருகினால் போதும். சோதித்துப் பார்க்க இதுவே சிறந்தது. ஆயினும் அதிர்வாலும் ஈரத்தாலும் இணைப்புத் தளரும். ஆதலின் மோட்டார் அறையில் நிலையாக வைத்தலாகாது.

இரண்டாவது, டாட் போர்டு. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தனித்தனிச் செம்பு வட்டம் உண்டு. வேண்டிய இணைப்பை நாமே கம்பியால் பற்றவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, வெரோபோர்டு. துளைவரிசைகள் நீண்ட செம்புப் பட்டைகளால் இணைந்திருக்கும். துளைகளின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். எட்டுக்கால் ஐ.சி. ஒன்றைப் பட்டைகளுக்குக் குறுக்கே பொருத்தினால், எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். எனவே அதன் அடியிலுள்ள நான்கு பட்டைகளையும் நடுவில் அறுத்தல் வேண்டும். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டைத் துளையில் வைத்துக் கையால் திருகினால் செம்பு அகன்றுவிடும். மயிரிழையளவு செம்பு எஞ்சினும் கருவி பழுதாகும். ஆகவே மல்டிமீட்டரால் சோதித்தபின்னரே மின்சாரம் செலுத்துக.

பழுப்பு நிறத் தாட்பலகை விலை மலிவு. எனினும் மிகுந்த சூட்டில் செம்பு பெயர்ந்துவிடும். கண்ணாடி இழைப் பலகை நெடுநாள் உழைக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. பட்டைகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆதலால் மோட்டாருக்குரிய 230 வோல்ட் அல்லது மும்முனை மின்சாரத்தை இப்பலகைகளில் செலுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். 9 வோல்ட் பாட்டரியால் மணியொலிக்கச் செய்வதோடு நிற்போம். மோட்டாரைத் தானே நிறுத்தும் ஏற்பாட்டை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுவோம். ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வெல்லையை இளைஞர்களுக்கு எடுத்துரைத்து ஊக்கமளிப்பார்களாயின், நீரும் மின்சாரமும் வீணாகா. உயிருக்கும் தீங்கு நேராது.