வெளிர்நிற வன்மரங்கள்: கடைசலும் செதுக்கலும்

வன்மரம் என்ற பெயர் கடினத்தைக் குறிப்பதன்று. அகன்ற இலையுடைய பூக்கும் மரங்கள் வன்மரங்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். ஆகவே மிக லேசான வன்மரமும் உண்டு. மரம் வாங்கும்போது நிறத்தைவிட, எந்தக் கருவியால் வேலை செய்யப்போகிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கடைசலுக்கு வெட்பாலை மிக ஏற்றது. தந்த நிறமும் நெருக்கமான இழையும் கொண்டது. கர்நாடகத்தின் சன்னபட்டணப் பொம்மைகள் இம்மரத்தில் உருவானவை. அங்கு இதற்கு ஆலே மரம் என்று பெயர். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். சொரசொரப்பான மரத்தில் இந்த மெருகு வராது. நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்கு மஞ்சள் கடம்பு பயன்பட்டது.

கத்தியால் செதுக்க ஆந்திரத்தின் கொண்டபள்ளிக் கைவினைஞர்கள் தெல்ல பொனிகி என்னும் லேசான மரத்தைக் கையாளுகின்றனர். உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் சேர்ந்த பசையால் ஒட்டி வண்ணம் தீட்டுவர். எனவே மரத்தின் இழையழகு இங்கே பொருட்டல்ல.

வெளிர் மரத்துக்கு ஈரம் பகை. வெட்டியதும் உலர்த்தாவிட்டால் பூஞ்சையால் நீலக்கறை படியும்; உள்ளே இறங்கிய கறை இழைத்தாலும் போகாது. ரப்பர் மரத்தில் இத்தொல்லை அதிகம்.

முகத்துவாரக்குப்பம், எண்ணூர் போன்ற துறைமுகப் பகுதி மாணவர்கள், வெளிநாட்டுச் சரக்கு வந்த பெட்டிப் பலகைகளைச் செதுக்க எடுப்பதுண்டு. அவற்றில் பைன் மிகுதி. பலகையிலுள்ள முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ என்றால் சூடேற்றப்பட்டது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஊட்டப்பட்டது. இரண்டாவது வகையைப் பொம்மை செய்ய எடுக்காதீர்கள்.