அம்மாவுக்கு என்ன வருத்தம்?

எட்மண்டனுக்கு வந்த புதிதில் குடும்ப வைத்தியரிடம் பதியப் போனபோது தந்த படிவத்தில், “குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?” என்று ஒரு கேள்வி இருந்தது. சகோதரிகள் நாங்கள் இருவரும் “இல்லை” என்றே எழுதினோம். அம்மாவுக்கு வயிற்றில் தண்ணீர் கட்டியது என்றுதான் எங்களுக்குத் தெரியும். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியின்றி, 47 வயதில் யாழ்ப்பாணத்திலேயே கண்ணை மூடினார்.

உண்மையைச் சொன்னவர் ரொறன்ரோவில் இருக்கும் சித்தி. அவருக்குச் சூலகத்தில் புற்றுநோய் வந்து, அங்குள்ள வைத்தியர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது ‘பிறாக்கா 1’ என்ற பரம்பரை அலகில் பழுது தெரிந்தது. “பிள்ளையள், கொம்மாவுக்கும் உதுதான். உங்கட கலியாணம் குழம்பும் எண்டு சொல்லேல்லை” என்று தொலைபேசியில் அழுதார்.

இந்த அலகு எல்லோருக்கும் உண்டு. பழுதாகும்போதுதான் ஆபத்து. சாதாரணமாக 100 பெண்களில் 2 பேருக்குச் சூலகப் புற்றுநோய் வருகிறது. 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, பிறாக்கா 1 பழுதுள்ளவர்களில் 80 வயதுக்குள் 44 பேருக்கும், பிறாக்கா 2 பழுதுள்ளவர்களில் 17 பேருக்கும் வருகிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. பழுதுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்புப் பாதிக்குப் பாதி. எங்களில் மூத்தவருக்கு இருந்தது, இளையவருக்கு இல்லை. அன்று இருவருமே அழுதோம்.

“இது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம்” என்றார் எங்களோடு சாப்பாடு பொதி செய்யும் ஒரு அன்ரி. அப்படியல்ல. யூதரிடையே அதிகம் பேசப்படும் அதே பழுது தென்னிந்தியப் பெண்களிடமும் இருப்பதை பெங்களூர் ஆய்வாளர்கள் 2009 இல் எழுதியிருக்கிறார்கள்.

அத்தார் கேட்டார், வருடா வருடம் ஸ்கான் எடுத்தால் போதாதா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் இந்நாட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2021 இல் வந்தது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. அதனால்தான், நோய் வருமுன்னரே இரண்டு சூலகங்களையும் அவற்றோடு சேர்ந்த குழாய்களையும் எடுத்துவிடுகிறார்கள். இவ்வகைப் புற்றுநோயில் பெரும்பாலானது அந்தக் குழாயிலேயே தொடங்குவதாக இப்போது கருதுகிறார்கள். 2024 இல் வந்த இங்கிலாந்தின் வழிகாட்டல், பிறாக்கா 1 என்றால் 35 வயதுக்கு முன்னும் பிறாக்கா 2 என்றால் 40 வயதுக்கு முன்னும் இதைச் செய்வதில்லை என்கிறது. பிள்ளை பெறுவதை அதற்குள் யோசிக்க வேண்டும்.

மூத்தவருக்கு வயது 38, பிள்ளைகள் இருவர். வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்தார்கள், மறுநாள் வீடு. எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுமில்லை. ஆபத்து முற்றாக நீங்குவதில்லை, வயிற்றின் உட்சவ்வில் சிறிது எஞ்சியிருக்கும். மாதவிடாயும் அன்றோடு நின்றது. உடம்பு திடீரெனக் கொதிக்கும், நித்திரை வராது, எரிச்சல் வரும். தொழிற்சாலைக் குளிர் அறையில் நாங்கள் எல்லோரும் நடுங்க, அவருக்கு மட்டும் வியர்த்தது! மார்பகப் புற்றுநோய் வராதவர் என்பதால் ஹோர்மோன் மருந்து கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை.

குடும்ப வைத்தியரிடம் கேட்டால்தான் பரம்பரை நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார். முதல் தடவை அத்தார்தான் மொழிபெயர்த்தார், பாதியை விழுங்கிவிட்டார். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், காசு இல்லை. போகுமுன் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யார் எந்த வயதில் எந்த நோயால் போனார்கள் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் வயதான மாமிமாருக்கு ஞாபகம் இருக்கும்.

பாரிஸிலுள்ள மாமாவுக்கும் சொன்னோம். “பொம்பிளையளின்ர வருத்தத்துக்கு ஆம்பிளை எனக்கு என்ன சோதனை?” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வருகிற சனிக்கிழமை மாமி வீட்டில் நிற்பா, அவவோடு கதைக்கப் போகிறோம்.