நினைவகம் பழுதா, பற்றாக்குறையா?

மடிக்கணினி மெதுவாக இயங்கினாலே ரேம் எனப்படும் நினைவகம் பழுது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பற்றாக்குறை வேறு, பழுது வேறு. நினைவகம் போதாதபோது கணினி வன்தட்டை நாடுகிறது, வேகம் குன்றுகிறது. பழுதுற்ற நினைவகமோ திடீரென நீலத்திரையைக் காட்டும். அதனினும் கொடிது, நகலெடுக்கும் கோப்புகளை அரவமின்றிச் சிதைத்துவிடும். வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் படங்களும் கெட்டிருப்பது, திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியவரும். ஆகவே ஐயம் எழுந்தால், சோதித்து முடியும்வரை அக்கணினியில் எதையும் நகலெடுக்காதீர்கள்.

மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருளை வேறொரு கணினியின் மூலம் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மடிக்கணினியைத் துவக்கி, இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது. கணினியை அணைத்து, மின்கலத்தைக் கழற்றியபின், நினைவக அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள். ஒரே அட்டை ஓரிடத்தில் நலமாகவும் மற்றோரிடத்தில் பிழையோடும் இயங்கினால், பழுது தாய்ப்பலகையில். புது அட்டை வாங்குவது வீண் செலவு.

வாங்குமுன் வகையைப் பாருங்கள். மடிக்கணினிக்கான டிடிஆர்3 அட்டையில் 204 முனைகள். டிடிஆர்4 அட்டையில் 260. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மெலிந்த கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற வழியில்லை என்றே கொள்ளலாம். புதிய அட்டையைப் பொருத்தியபின் அதே சோதனையை மீண்டும் நடத்துங்கள். புதியதிலும் பழுது இருப்பதுண்டு.