அவசரத்துக்கு முந்திக் கொடுங்கள்!

“இரத்தம் கொடுத்தால் உடம்பு வற்றிப் போகாதா, வாத்தியாரே?” பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்புதானே முதல்! அவர்கள் கேட்பதில் தவறே இல்லை.

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. முகாமில் எடுப்பதோ, எடையைப் பொறுத்து, 350 அல்லது 450 மில்லிலிட்டர்தான். குறைந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிறைந்துவிடும். பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். அளவாக, நாள் விட்டு வெட்டினால் மரம் பட்டுப் போவதில்லை. மீண்டும் பால் சுரக்கிறது. நம் உடம்பும் அப்படித்தான். அதனால்தான் ஒரு முறை கொடுத்தவர் குறைந்தது எட்டு வாரமாவது பொறுத்துத்தான் மறுமுறை கொடுக்கலாம்.

“சொந்தக்காரருக்கு ஒன்று என்றால் ஓடிப் போய்க் கொடுக்க மாட்டோமா?” என்பார்கள் சிலர். நல்ல மனசுதான். ஆனால் பிரசவத்தில் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் நிமிடக் கணக்கில் உயிர் ஊசலாடும். அந்த நேரத்தில் நாம் கையை நீட்டினாலும் நம் இரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவை இல்லையென்று சோதித்த பிறகே அது பயன்படும். ஆகவே அன்றிரவு அவளைக் காப்பது, முன்பே யாரோ கொடுத்து, மருத்துவமனைக் குளிர்பெட்டியில் காத்திருக்கும் இரத்தம்தான்.

அதையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் ஐந்து ஆறு வாரம் தாங்கும். டிங்கிக் காய்ச்சல் முற்றியவர்களுக்குச் சில வேளைகளில் ஏற்றப்படும் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். எனவே கொடுப்பவர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏ, பி, ஓ என்ற பிரிவுகளை 1901-இல் உலகுக்குச் சொன்னவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய மருத்துவர். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் 2004 முதல் உலக இரத்ததான நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவரும் வீனர் என்பவரும் 1940-இல் ஆர்.எச். என்ற இன்னொரு பிரிவையும் வெளியிட்டார்கள். இந்த ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் மிக அபூர்வம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியரிடம் சுமார் ஐந்து பேருக்கு உண்டு. அப்படியானால், நம் பெண் ஒருத்திக்கு அந்த இரத்தம் தேவைப்படும்போது, அது கிடைக்க நம்மவர் முன்வந்திருந்தால்தான் நல்லது. உங்கள் இரத்தம் எந்தப் பிரிவு என்று உங்களுக்குத் தெரியுமா? முகாமில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

ஜொகூர்பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் போகும் பக்கம் இருக்கிறது பெர்மாஸ் ஜெயா. இந்த வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர்களும், இருட்டோடு எழுந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் இங்கே உண்டு. உங்கள் பக்கம் முகாம் என்று கேள்விப்பட்டால், முதலில் உறக்கத்தைப் பாருங்கள். முந்திய இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். இரவு வேலை முடித்த கையோடு நேரே போகாதீர்கள்.

வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. நன்றாகப் பசியாறிவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். முதல் நாள் மதுவைத் தொடாதீர்கள். அடையாள அட்டை அவசியம். வயது 18, எடை 45 கிலோ இருக்க வேண்டும். 17 வயதுப் பிள்ளைக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் தேவை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு வெட்கப்பட்டுப் பொய் எழுதினால், பாதிக்கப்படுவது முகம் தெரியாத ஒரு நோயாளி.

நம் பெண்கள் பலரை “இரத்தம் குறைவு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனம் தளர வேண்டாம்! அது உங்கள் உடம்பைப் பற்றி இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை. கிளினிக்கில் காட்டுங்கள். முருங்கைக்கீரை, பயறு, ஈரல், மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். சோற்றோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விடுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும்.

கொடுத்து முடிந்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, கொடுக்கும் பானத்தைக் குடியுங்கள். அன்று முழுவதும் பாரம் தூக்கும் வேலை வேண்டாம். தலை சுற்றினால் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் என்று ஊரெல்லாம் விடுமுறையில் போகும் சமயத்தில்தான் இரத்த வங்கிகளில் கையிருப்பு குறைகிறது. விபத்துக்கும் பிரசவத்துக்கும் விடுமுறை ஏது? அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கப் புறப்படும் முன், கணவனும் மனைவியுமாக ஒரு முறை முகாமுக்குப் போய் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.