காட்சிக்கு வந்த குடும்ப மோட்டார்

மோட்டார் வண்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் வேகம் என்னும் எண்ணமே நம் மனத்தில் முதலில் எழுகின்றது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும், இயந்திரத்தின் ஆற்றல் எவ்வளவு என்றுதான் ஒருவரையொருவர் வினவுகின்றோம். ஆயின், மெதுவாகச் செல்வதற்கென்றே, தெருவின் இரு மருங்கிலும் நிற்போர் கண்டு களிக்குமாறு செல்வதற்கென்றே, மோட்டார் வண்டியைத் திருத்தியமைக்கும் கலை ஒன்றும் உலகில் உண்டு. நம் ஊர்த் தேரை யாரும் விரைந்து போவதற்காகச் செய்வதில்லை. ஊர் முழுவதும் அதைக் காண வேண்டும் என்பதற்காகவே செய்கின்றனர். அதனையொத்த நோக்கம் ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாதாரணக் குடும்ப மோட்டாரைப் பற்றிக்கொண்டது. அவ்வரலாற்றையும், அக்கலையின் தொழில்நுட்பத்தையும், அதில் நாம் கவனிக்க வேண்டிய சட்டச் செய்திகள் சிலவற்றையும் இங்குக் காண்போம்.

இத்தகைய வண்டியை ஆங்கிலத்தில் ‘லோரைடர்’ என்பர். வண்டிக்கும் அதனை ஓட்டுபவருக்கும் அச்சொல் ஒன்றே. தரையோடு தரையாகத் தாழ்ந்து செல்வதால் தமிழில் ‘தாழ்வூர்தி’ எனலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வழியினரிடையே இவ்வழக்கம் வேரூன்றியது. அக்காலத்தில் அமெரிக்க இளைஞர் பலர் பழைய கார்களை வாங்கி, இயந்திரத்தைச் செம்மை செய்து, பந்தயத்திற்கு விட்டனர். மெக்சிகோ வழி இளைஞர்களோ அதற்கு மாறான வழியைத் தேர்ந்தனர். தாழ்வாகவும் மெதுவாகவும் செல்வதே அவர்தம் கொள்கை. புதிய கார் வாங்கும் வசதி பலர்க்கும் இல்லை. பழைய செவர்லே வண்டியோ குறைந்த விலையில் கிடைத்தது. பணம் செய்யாததைக் கைத்திறன் செய்தது. வார இறுதி மாலைகளில் விட்டியர் பெருஞ்சாலையில் அவ்வண்டிகள் ஊர்வலம்போல் ஊர்ந்தன. வேறு மொழி வழங்கும் நாட்டில் சிறுபான்மையினராக வாழ்ந்த அம்மக்களுக்கு, ‘நாங்களும் இவ்வூரார்’ என்று அறிவிக்கும் ஒரு முறையாகவும் அது அமைந்தது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வுணர்வு விளங்காததன்று.

தொடக்கத்தில் வண்டியைத் தாழ்த்தும் வழிகள் மிக எளியவை. பின்புறப் பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்குவர். அல்லது சக்கரங்களின் மேலுள்ள சுருள்வில்லில் ஓரிரு சுற்றுகளை வெட்டி நீக்குவர். இவ்வாறு நிலையாகத் தாழ்த்திய வண்டிக்கு விரைவில் இடையூறு வந்தது. சக்கர வளையத்தின் அடிமட்டத்திற்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இறங்கியிருத்தல் கூடாது என்னும் விதி, 1958 சனவரி முதல் நாளில் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை மீறாமலே தாழ்ந்து செல்ல வழியுண்டா என்று பலரும் எண்ணினர். 1959-இல் ரான் அகிரே என்பவர் அதற்கு விடை கண்டார். விமானங்களிலிருந்து கழித்து விற்கப்பட்ட எண்ணெய் அழுத்தக் கருவிகளை வாங்கித் தம் கார்வெட் வண்டியில் பொருத்தினார். விசையைத் தட்டினால் வண்டி சட்டம் கேட்கும் உயரத்திற்கு எழும். மீண்டும் தட்டினால் தரையைத் தழுவும். காவலர் அளக்கும்போது உயரம், கண்டோர் வியக்கும்போது தாழ்வு!

இக்கருவி செயற்படும் விதம் எளிதில் விளங்கக்கூடியதே. அடைத்துவைத்த திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. வண்டியின் பின்பெட்டியில் மின்மோட்டாரால் இயங்கும் பம்பு ஒன்றோ பலவோ இருக்கும். ஓட்டுபவர் விசையைத் தட்டியதும் பம்பு எண்ணெயைக் குழாய்வழியே தள்ள, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உருளையின் தண்டு நீண்டு வண்டியின் உடலைத் தூக்கும். வடிகால் வால்வைத் திறந்தால், வண்டியின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பியனுப்ப, உடல் தாழும். பம்பு மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதாதலின், ஒரு பாட்டரி போதாது. பலவற்றைத் தொடராக இணைப்பர். அவற்றின் எடையையும், ஏறி இறங்கும் அதிர்ச்சியையும் தாங்குமாறு அடிச்சட்டத்தை எஃகுப் பட்டைகளால் வலுப்படுத்துவர். இதைச் செய்யாது கருவியை மட்டும் பொருத்தினால் சட்டம் விரிசல் காணும்.

இக்கலைஞர்கள் மிக விரும்பியவற்றுள் ஒன்று செவர்லே இம்பாலா. அது அரும்பொருளன்று, 1965-ஆம் ஆண்டின் வடிவம் மட்டும் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. எங்கும் கிடைத்த குடும்ப வண்டியாயிருந்ததே அதன் சிறப்பு. அகன்று நீண்ட அதன் பக்கத் தகடுகள், ஓவியனுக்கு விரித்து வைத்த துணிபோல் அமைந்தன.

அடுத்து உடல் வேலை. முதலில் இருக்கை, கண்ணாடி, முலாம் பூசிய பட்டைகள் அனைத்தையும் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டி, புதிய தகட்டைப் பற்றவைப்பர். கதவுக் கைப்பிடிகளை நீக்கித் துளையை அடைத்து, மின்விசையால் கதவு திறக்குமாறு செய்வதும் உண்டு. சிலர் கூரைத் தூண்களைச் சில அங்குலம் வெட்டிக் கூரையையே இறக்குவர். முற்காலத்தில் இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்பினர். ஈயப்புகை உடலுக்குக் கேடு என்பதாலும், வேறு நிரப்பிகள் வந்துவிட்டமையாலும் அம்முறை இன்று அருகிவிட்டது.

அதன்பின் வண்ணம். கண்ணைப் பறிக்கும் மிட்டாய்ச் சிவப்பு போன்ற நிறங்கள் ஒரே பூச்சினால் வருவன அல்ல. முதலில் பொன் அல்லது வெள்ளித் துகள் கலந்த அடிப்பூச்சு. அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறப்பூச்சு பல அடுக்குகள். இறுதியில் நிறமற்ற மெருகுப் பூச்சு. ஒளி நிறப்பூச்சினூடே சென்று, அடியிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பி, மீண்டும் நிறத்தைக் கடந்து நம் கண்ணை அடைகின்றது. தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் பொற்காசைக் காண்பதுபோன்ற ஆழம் அதனால் தோன்றுகின்றது. இதன் கடினமும் இங்கேதான் உள்ளது. ஒவ்வோர் அடுக்கும் நிறத்தை ஒரு படி கருமையாக்குகின்றது. கை ஓரிடத்தில் சற்றே தயங்கினால் அவ்விடம் திட்டாகிவிடும். பின்னாளில் ஒரு கீறல் விழுந்தாலோ, அவ்விடத்தை மட்டும் பூசி மறைக்க இயலாது. அடுக்குகளின் எண்ணிக்கை ஒத்துவராது. அப்பகுதித் தகடு முழுவதையும் முதலிலிருந்தே பூச வேண்டும். மெருகுப் பூச்சு காய்ந்தபின், நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பொறுமையின் தேர்வு.

இக்கலையின் புகழ்பெற்ற சான்று ‘ஜிப்சி ரோஸ்’ என்னும் வண்டி. 1964-ஆம் ஆண்டு இம்பாலாவான அதனை ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவர் உருவாக்கினார். இளஞ்சிவப்பு உடல் முழுவதும் கையால் தீட்டிய ரோஜாக்கள், உள்ளே மென்பட்டு இருக்கைகள், மேலே சரவிளக்கு. 2017-இல் அது வாஷிங்டன் நகரின் தேசியத் திடலில் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காட்டப்பட்டது. ஒரு காலத்தில் காவலர் சந்தேகக் கண்ணோடு நோக்கிய வண்டி வகைக்கு, நாட்டின் தலைநகரில் அத்தகைய இடம் கிடைத்தது.

மற்றொரு வண்டியின் கதை நம் நெஞ்சைத் தொடுவது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிமாயோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு டேவிட் ஹாராமியோ என்பவர் 1969-ஆம் ஆண்டு போர்டு எல்.டி.டி. வண்டி ஒன்றைத் தாழ்வூர்தியாக மாற்றத் தொடங்கினார். பணி முடியுமுன்பே, 1978-இல், அவர் விபத்தொன்றில் உயிர் நீத்தார். பாதியில் நின்ற அவ்வண்டியை விற்றுவிடுவது எளிது. அவருடைய குடும்பத்தாரோ அதனைச் செய்யவில்லை. உற்றாரும் நண்பரும் கூடி அவர் எண்ணியவாறே முடித்தனர். ‘டேவின் கனவு’ என்னும் பொருளில் அதற்குப் பெயரும் இட்டனர். 1990-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதனைத் தன் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்திற்காகப் பெற்றுக்கொண்டது. தகடும் வண்ணமும் மட்டுமே எனில் அருங்காட்சியகம் அதனை நாடியிராது. அதில் ஒரு குடும்பத்தின் நினைவு தங்கியிருந்தது.

சட்டமும் காலப்போக்கில் மாறியது. 1958-இன் உயரக் கட்டுப்பாட்டையும், இத்தகைய உலாக்களைத் தடுக்க நகராட்சிகளுக்கிருந்த அதிகாரத்தையும் கலிபோர்னியா 2023-இல் சட்டமியற்றி நீக்கியது. 2024 சனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. அறுபத்தாறு ஆண்டுகள் நிலவிய விதி அது.

இதைக் கேட்டு, ‘நம் வண்டியையும் அவ்வாறு மாற்றினால் என்ன?’ என்று நேயர் சிலர்க்குத் தோன்றலாம். இங்கு இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, வண்டியின் அமைப்பு. பழைய இம்பாலாவில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. இன்றைய செடான் வண்டிகளில் பெரும்பாலும் உடலே சட்டம். கூரைத் தூணும் தரைத்தகடும் மோதலின் விசையைப் பகிர்ந்து தாங்குமாறு கணக்கிட்டு அமைத்தவை. அவற்றுள் ஒன்றை வெட்டினால் அழகு கூடலாம், பாதுகாப்பு குலையும். சில வண்டிகளில் பக்கக் காற்றுப்பை இருக்கையினுள்ளே உள்ளது. அதன்மேல் தடித்த உறை தைத்தால், வேண்டிய நொடியில் அது விரியாமற் போகலாம். சுருள்வில்லை வெட்டித் தாழ்த்திய வண்டியில், திருப்பங்களில் டயர் உடலில் உராய்வதும், வேகத்தடைகளில் அடிப்பகுதி இடிபடுவதும் இயல்பு.

இரண்டாவது, நம் நாட்டுச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. அங்கீகரித்த எரிவாயுக் கருவியைப் பொருத்துதல், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப அமைத்தல் போன்ற சிலவற்றிற்கு விதிகளுக்குட்பட்ட வழியுண்டு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். நிறமும் சான்றிதழில் குறிக்கப்படும் விவரமே. ஆதலின் நிறம் மாற்றுமுன் பதிவு அதிகாரியைக் கேட்டு, பின்னர் அதனைச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கும் அறிவித்தல் நலம்.

சொந்த ஊரை விட்டு வந்தவர்க்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருப்பின், அங்குப் புதிய பதிவெண் பெற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அப்போது வண்டியையும் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். சென்னையில் எவரும் கேளாத ஒரு மாற்றம், தில்லியிலோ புனாவிலோ பதிவை நிறுத்திவிடக்கூடும்.

ஆயினும் இக்கலை நமக்கு முற்றிலும் எட்டாததன்று. கூரையை வெட்டாமல், உயரத்தைக் குறைக்காமல், பழைய வண்டியின் துருவை நீக்கி, அதன் மூல நிறத்தையே அடுக்கடுக்காகப் பூசி மெருகேற்றுவதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. அம்பாசிடர் வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. தந்தையார் ஓட்டிய அத்தகைய வண்டியொன்று எவர் வீட்டிலேனும் தூசு படிந்து நிற்குமாயின், அதன் பதிவு இன்னும் செல்லுமா என்பதை முதலில் விசாரித்தறிக. செல்லுமெனில் உப்புத்தாளும் பொறுமையும் வாங்குக. மற்றவை கைப்பழக்கத்தால் வரும்.