திருவனந்தபுரத்துக்கு ஒருநாள், ஆஸ்பத்திரிக்கு அல்ல!

"நாளைக்குத் திருவனந்தபுரம் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். இனயம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முகம் சுருங்கிவிடும். "எதுக்கும்மா, ஊசி போடவா?" என்பார்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் அந்த நகரத்துக்கு, மெடிக்கல் காலேஜுக்கும் கான்சர் சென்டருக்கும் போவதைத் தவிர நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை அதுதானே நமக்குத் தலைநகரம்! வருஷத்தில் ஒருநாளாவது மருந்துச் சீட்டு இல்லாமல் பிள்ளைகளோடு போய் வாருங்கள் சகோதரிகளே.

"ஆழ்கடலுக்குப் போனவர் வரட்டும்" என்று காத்திருந்தால் பள்ளிக்கூட லீவு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். குழித்துறையில் ரயில் ஏறலாம். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். மிருகக்காட்சிசாலை, மியூசியம் இரண்டுக்குமே அன்று விடுமுறை.

காலையில் மிருகக்காட்சிசாலை. 1857-ல் தொடங்கியது, மேடும் பள்ளமுமாக 55 ஏக்கர். வெயில் ஏறினால் புலி நிழலில் சுருண்டுவிடும். கைக்குழந்தைக்காரிகள் எல்லாக் கூண்டையும் பார்த்தே தீருவேன் என்று நடக்காதீர்கள். நீர்யானையும் பாம்புகளும் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பரம திருப்தி!

மத்தியானச் சோற்றுக்கு மீன்குழம்பு கட்டாதீர்கள், வெயிலில் கெட்டுப்போகும். புளிச்சோறு தாங்கும். மீன் வாசனை இல்லாமல் இறங்காது என்பவர்களுக்குக் கருவாட்டுத் துவையல் இருக்கவே இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மறக்க வேண்டாம்.

உச்சி வெயிலுக்கு அதே வளாகத்து நேப்பியர் மியூசியம். 1880-ல் சிஷோம் என்ற வெள்ளைக்காரர் திட்டப்படி கட்டி முடித்தது. காற்றோட்டம் பார்த்துக் கட்டியதால் உள்ளே நல்ல குளுமை. பக்கத்தில் 1935-ல் திறந்த சித்ரா ஓவியக் கூடம். 2023-ல் ரவிவர்மாவுக்கென்றே தனிக் கூடமும் வந்துவிட்டது. முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அசலின் முன் சற்று நில்லுங்கள். பிள்ளைகள் பிடித்து இழுக்கும்தான். ஐந்து நிமிஷம் அம்மாவுக்கும் வேண்டாமா?

காலில் வலு மிச்சமிருந்தால் கிழக்கே கோட்டையில் குதிரமாளிகை. சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. மரத்தில் செதுக்கிய 122 குதிரைகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். சங்குமுகம் கடற்கரைக்கும் போகலாமா என்றால், அலைச் சத்தத்திலேயே வளரும் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டவா இவ்வளவு செலவு? அந்தக் காசுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, இருட்டுமுன் ரயில் ஏறுங்கள்.